கைக்கெட்டாதவற்றை அறியும் வழிகள்: அண்மைக்கால ஆய்வுமுறைகள் சில பற்றிய ஒரு நோக்கு

அறிவுத்துறை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அத்துறையிற் கண்டறியப்பட்ட உண்மைகளையே பெரும்பாலும் நிரல்படுத்திச் செல்வர். அவ்வுண்மைகள் எவ்வழியாற் கண்டறியப்பட்டன என்னும் வினா, ஆய்வுகூடத்தின் உள்வீட்டு அலுவலாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுவதுண்டு. எனினும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை உற்றுநோக்குமிடத்து, புதிய உண்மைகளுக்கு முன்பாகப் புதிய முறைகள் தோன்றியமை தெளிவாகும். நுண்ணுயிரியல், பிறப்புரிமையியல், கணிதம், பொருளியல், தொலையுணர்வு என ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள ஐந்து துறைகளை இக்கட்டுரையில் நாம் ஒருங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இவை யாவற்றிலும் ஆய்வாளர், தாம் அறிய விரும்பும் பொருளைக் கையிலெடுத்துப் பார்த்தலினின்றும் நீங்கி, அதன் சுவடுகளைக் கொண்டு அதனை உய்த்தறியும் முறைக்கு மாறியுள்ளனர். முன்னர்க் காணமுடியாதிருந்தவை பல இதனாற் காணப்பட்டன. அதே வேளையில் ஒவ்வொரு முறையும் தனக்கேயுரிய குருட்டிடம் ஒன்றையும் உடன்கொண்டு வந்தது. அக்குருட்டிடங்கள் எவை என்பதும், அவற்றுள் நமது நாடும் நம்மவரும் எவ்வளவிற்கு அகப்பட்டுள்ளோம் என்பதுமே இங்கு நாம் ஆராய விழைபவை.

நுண்ணுயிரியலிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனிய மருத்துவர் ரோபேட் கொக் வகுத்த முறை இன்றும் நம் ஆய்வுகூடங்களிற் கையாளப்படுகின்றது. ஊட்டப்பொருள் கலந்த திண்ம ஊடகத்தின்மேல் மாதிரியைப் பரப்பி, அதிலே தோன்றும் திரள்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து வளர்ப்பதே அம்முறை. தொடக்கத்திற் பயன்பட்ட ஜெலற்றீன், வெப்பம் மிகுந்த வேளையில் உருகி ஓடிவிடும். கொக்கின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்பாரின் மனைவி பனி ஹெஸ்ஸே, தாம் சமையலறையிற் பழப்பாகை உறையவைக்கப் பயன்படுத்திய கடற்பாசிப் பசையைக் கையாளுமாறு 1881 இல் எடுத்துரைத்தார். அதுவே இன்று நாம் ஏகார் என வழங்குவது. 1882 இல் ஏகாரைப் பற்றிக் குறிப்பிட்ட கொக், அவ்வம்மையாரின் பெயரைச் சுட்டினாரல்லர். ஆய்வுமுறைகளின் வரலாற்றிற் சமையலறைக்கு உரிய இடத்தை நாம் மறந்துவிடலாகாது என்பதற்காகவே இதனை இங்கு குறித்தோம்.

கொக்கின் முறை நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை பெருவெற்றி ஈட்டியது. ஆனால் மண்ணையும் கடல்நீரையும் ஆராய்ந்தோர் ஒரு முரண்பாட்டைக் கண்டு திகைத்தனர். ஒரு துளி நீரை நுணுக்குக்காட்டியிற் பார்த்து எண்ணினால் நூறு கலங்கள் தெரியுமாயின், அதே துளியை ஏகாரின்மேல் இட்டு வளர்க்குமிடத்து ஒரு திரள்கூடத் தோன்றாதிருப்பது வழமையாகும். 1985 இல் ஸ்ரேலி, கொனொப்கா ஆகிய இருவரும் இதனைப் 'பெருந்தட்டெண்ணிக்கை முரண்' எனப் பெயரிட்டு எழுதினர். வளராதவை இறந்தவை என்று கொள்வோரும் இருந்தனர். உண்மையோ வேறாக இருந்தது. நாம் அளித்த உணவையும் சூழலையும் ஏற்றுக்கொண்டவை மட்டுமே நம் கண்ணிற்பட்டன.

இம்முரணைக் கடக்கும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. இலினோய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸ், உயிரினம் யாவற்றிலும் காணப்படும் றைபோசோமின் ஆர்.என்.ஏ. மூலக்கூற்றை ஒப்பிட்டு, உயிரினங்களின் உறவுமுறையை வகுக்க முற்பட்டார். 1977 இல் அவரும் ஜோர்ஜ் பொக்ஸும், பற்றீரியாவைப் போலத் தோன்றினும் அவற்றினின்று அடிப்படையில் வேறுபட்ட ஓர் உயிர்க்கூட்டம் உண்டென அறிவித்தனர். அதனை இன்று ஆர்க்கியா என்கின்றோம். அம்மூலக்கூறு உயிரினத்தின் அடையாள அட்டையாயின், உயிரினத்தை வளர்க்க வேண்டிய தேவையே இல்லை; நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் நேரடியாக அதனைப் பிரித்தெடுத்து வாசித்தால் போதும். நோர்மன் பேஸ் குழுவினர் 1980களில் இவ்வழியை மேற்கொண்டனர். டீ.என்.ஏ.யின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கிற் படியெடுக்கும் பொலிமரேசுத் தொடர்த்தாக்கமும் அப்போது கைவந்திருந்தது. அத்தாக்கத்துக்கு இன்றியமையாத வெப்பந்தாங்கும் நொதியம், ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றில் 1960களிற் கண்டெடுக்கப்பட்ட ஒரு பற்றீரியாவிலிருந்து கிடைத்ததாகும்.

இம்முறையின் ஆற்றலுக்குச் சிறந்த சான்று கடலிலிருந்து கிடைத்தது. 1990 இல் சர்காசோக் கடல்நீரிலிருந்து எடுத்த மூலக்கூறுகளிடையே, எவரும் முன்பு வளர்த்திராத ஒரு பற்றீரியாக் கூட்டத்தின் அடையாளம் புலப்பட்டது. அதற்கு வழங்கிய பெயர் சார்-11 என்னும் வெறுங் குறியீடே. பின்னர் நோக்கியபோது அது பெருங்கடல்களின் மேற்பரப்பு நீரெங்கும் மிகுதியாக இருந்தமை தெரியவந்தது. உலகின் மிகப் பெரிய உயிர்த்தொகைகளுள் ஒன்று, நுண்ணுயிரியல் தோன்றி ஒரு நூற்றாண்டு கழியும்வரை பெயரின்றி இருந்தது! 2002 இலேயே அதனை ஆய்வுகூடத்தில் வளர்க்க முடிந்தது. அதற்குக் கையாண்ட உபாயம் எளியது: வளமான ஊடகத்தைக் கைவிட்டு, கிருமியழித்த கடல்நீரிலேயே, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு சில கலங்கள் மட்டும் சேருமளவிற்கு நீர்த்து வளர்த்தனர். வறிய கடலில் வாழப் பழகிய உயிருக்கு நாம் படைத்த விருந்தே தடையாக இருந்தது எனலாம்.

எனின், புதிய முறை யாவற்றையும் காண்கின்றதா? மூலக்கூற்றைப் படியெடுப்பதற்கு அதன் இரு நுனிகளிலும் ஒட்டும் சிறு தொடக்கித் துண்டுகள் வேண்டும். அத்துண்டுகளை ஏற்கெனவே அறிந்த உயிரினங்களின் தொடரைப் பார்த்தே அமைக்கின்றோம். ஆகவே அறிந்தவற்றை ஒத்தவையே மீண்டும் அகப்படும். 2015 இல் ஜிலியன் பான்பீல்ட் குழுவினர், தொடக்கித் துண்டு எதுவுமின்றி நிலத்தடி நீரிலுள்ள டீ.என்.ஏ. முழுவதையும் வாசித்தபோது, பற்றீரியாப் பேரினத்தின் 15 வீதத்துக்கு மேற்பட்ட பகுதியாக அமையக்கூடிய ஒரு கூட்டத்தை விவரித்தனர். அவற்றுட் பலவற்றின் அடையாள மூலக்கூறு வழமையான தொடக்கித் துண்டுகளுக்கு அகப்படாத அமைப்புடையது. ஏகாரின் குருட்டிடத்தை நீக்க வந்த முறைக்கும் ஒரு குருட்டிடம் இருந்தமை இவ்வாறு வெளிப்பட்டது.

இதே தன்மை பிறப்புரிமையியலிற் சமூக முக்கியத்துவம் மிக்கதாக உருவெடுக்கின்றது. ஒரே பரம்பரையலகின் பழுதினால் ஏற்படும் நோய்களைக் குடும்ப வழிமரபுகளைப் பின்தொடர்ந்து கண்டறிய முடிந்தது. நீரிழிவு, இதயநோய் போன்றவற்றில் எண்ணிறந்த பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகப் பங்குகொள்வதால் அவ்வழி பயன்தரவில்லை. எனவே நோயுற்றோர், நோயற்றோர் எனப் பெருந்தொகையினரைத் திரட்டி, டீ.என்.ஏ. முழுவதிலும் பத்து இலட்சம் அளவிலான இடங்களை ஒப்பிட்டு, எவ்விடத்து வேறுபாடு நோயுடன் சேர்ந்து வருகின்றது என வினவும் முறை எழுந்தது. 2005 இல் முதுமையிற் பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் ஒன்றில், 96 நோயாளரையும் 50 ஏனையோரையும் மட்டுமே கொண்டு இம்முறை ஒரு பரம்பரையலகைச் சுட்டிக்காட்டியது. 2007 இல் பிரித்தானியாவில் ஏழு நோய்களுக்கு 14,000 நோயாளர் வரை சேர்க்கப்பட்டனர்.

இங்கே புள்ளிவிபரவியலின் ஓர் எளிய எச்சரிக்கை குறுக்கிடுகின்றது. இருபதில் ஒன்று என்ற வழமையான நிகழ்தகவு எல்லையைக் கொண்டு பத்து இலட்சம் இடங்களைச் சோதித்தால், யாதொரு தொடர்பும் இல்லாதபோதும் ஐம்பதினாயிரம் இடங்கள் 'தொடர்புடையன' எனத் தோன்றும். ஆதலின் எல்லை இரண்டு கோடியில் ஒன்று என்ற அளவிற்கு இறுக்கப்பட்டது. அவ்விறுக்கமான எல்லையைத் தாண்டிய முடிவுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டமை இத்துறைக்குப் பெருமை தருவதாகும்.

ஆனால் யாரை அளந்தனர்? 2019 இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, இத்தகைய ஆய்வுகளிற் பங்குகொண்டோருள் 78 வீதத்தினர் ஐரோப்பிய வழியினர் எனக் கணக்கிட்டது. சோதிக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் நோயின் காரணங்களல்ல. காரணத்துக்கு அருகே நிற்கும் அடையாளக் கற்களே. ஓர் இனத்தவரின் வரலாற்றில் அருகருகே நிலைத்த அடையாளமும் காரணமும் இன்னோர் இனத்தவரிற் பிரிந்து கிடத்தல் கூடும். எனவே ஐரோப்பியரைக் கொண்டு வகுத்த நோயபாய மதிப்பெண் பிறருக்குப் பொருத்தப்படுமிடத்து அதன் துல்லியம் குறைகின்றது. நம்மவரைப் பொறுத்தவரை ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. 2015 இல் நிறைவுற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம், உலகின் 26 மக்கட்கூட்டங்களிலிருந்து 2,504 பேரின் டீ.என்.ஏ.யை வாசித்தது. அவற்றுள் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரின் தொகுதி. இன்று உலகின் எந்த ஆய்வுகூடத்திலும் 'இலங்கைத் தமிழர்' என்ற பெயரில் முதலில் எடுத்து ஒப்பிடப்படுவது இத்தொகுதியே. புலம்பெயர்ந்தோரிலிருந்து எடுத்த இம்மாதிரி யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் மலையகத்தையும் எவ்வளவிற்குப் பிரதிபலிக்கும் என்பது தனியே வினவப்பட வேண்டியதாகும்.

கருவி எதுவுமின்றி மனத்தின் வலிமையாலேயே இயங்குவதெனக் கருதப்படும் கணிதமும் இதற்கு விலக்கன்று. எந்தத் தேசப்படத்தையும், எல்லை பகிரும் நாடுகள் ஒரே நிறம் பெறாதவாறு, நான்கு நிறங்களால் தீட்டிவிடலாம் என்ற ஊகம் 1852 இல் எழுந்தது. 1976 இல் கெனத் அப்பெல், வொல்ப்காங் ஹாக்கன் ஆகியோர் அதனை நிறுவினர். அவர்களும் இலினோய்ப் பல்கலைக்கழகத்தினரே. பிரச்சினையை ஆயிரத்துக்கு மேற்பட்ட உருவமைப்புகளாக ஒடுக்கி, அவை ஒவ்வொன்றையும் கணினியைக் கொண்டு அவர்கள் சோதித்தனர். மனிதர் எவரும் முழுமையாக வாசித்துச் சரிபார்க்க இயலாத ஒன்றை நிறுவல் என ஏற்கலாமா என்ற விவாதம் மூண்டது. மனிதக் கண்ணை அளவுமீறி நம்பியோர், இதே தேற்றத்துக்கு 1879 இல் கெம்பே அளித்த நிறுவல் பதினொரு ஆண்டுகள் பிழை காணப்படாது ஏற்கப்பட்டிருந்தமையை நினைவுகூர்தல் நன்று. 1998 இல் தொமஸ் ஹேல்ஸ், உருண்டைகளை நெருக்கமாக அடுக்குதல் பற்றிய கெப்ளரின் ஊகத்தை இவ்வாறே கணினித் துணையுடன் நிறுவியபோது, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நடுவர்கள் தாம் 99 வீதம் உறுதியாக இருப்பதாகவே கூறினர். 'வீதம்' என்ற சொல் கணித நிறுவல் ஒன்றைப் பற்றி எழுதப்பட்டமை விந்தையே. ஹேல்ஸ் இதனோடு அமையவில்லை. நிறுவலின் ஒவ்வொரு படியையும் தருக்க விதிகளுக்கமையச் சரிபார்க்கும் கணினி நிரல்களில் அதனை முழுமையாக எழுதும் பணி 2014 இல் முடிவுற்றது. நான்கு நிறத் தேற்றத்துக்கு ஜோர்ஜ் கொந்தியர் 2005 அளவில் இதனைச் செய்திருந்தார். இப்போது நாம் நம்புவது நிறுவலைச் சரிபார்க்கும் ஒரு சிறு நிரலையே.

பொருளியலுக்கு வருவோம். நீண்டகாலமாக இத்துறையினர், தாம் பரிசோதனை செய்யவியலாதவர் என்ற எண்ணத்திலேயே இருந்தனர். ஒரு நாட்டின் கூலியை உயர்த்தியும் உயர்த்தாதும் ஒரே வேளையிற் பார்க்க முடியாது. 1992 ஏப்பிரிலில் ஐக்கிய அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலருக்கு உயர்த்தியது. அண்டையிலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், அலன் குறூகர் ஆகியோர் எல்லையின் இருபுறமுமுள்ள சுமார் நானூறு துரித உணவகங்களை முன்னும் பின்னும் ஆராய்ந்து, நியூஜேர்சியில் வேலைவாய்ப்புக் குறைந்ததற்குச் சான்றில்லை என 1994 இல் எழுதினர். பாடநூற் கொள்கைக்கு மாறான இம்முடிவு பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் வரலாறு தானே நடத்திவைத்த பரிசோதனைகளைத் தேடும் வழக்கம் வேரூன்றியது.

அடுத்த படி, பரிசோதனையை ஆய்வாளரே நடத்துவது. இதன் மூலம் பழையது. றொதம்ஸ்ரெட் பண்ணையிற் பணிபுரிந்த ஆர். ஏ. பிஷர், எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதைத் திருவுளச்சீட்டைப் போன்ற எழுமாற்று முறையால் தீர்மானிக்கவேண்டுமென 1935 இல் வெளியான தமது நூலில் விளக்கினார். பாத்திகளுக்குப் பதிலாக மனிதரையும் கிராமங்களையும் பாடசாலைகளையும் இட்டு நடத்திய ஆய்வுகளுக்காக பானர்ஜி, டுப்லோ, கிறேமர் ஆகியோர் 2019 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இம்முறையின் மிகவும் பேசப்பட்ட ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்றவ் ஆகியோர், ஆழிப்பேரலைக்குப் பின் 2005 இல், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறுதொழில் முயற்சியாளரிடையே இதனைத் தொடங்கினர். சில்லறைக் கடை, தையல், உணவு விற்பனை போன்ற தொழில்களில் ஈடுபட்டோருட் சிலருக்கு, எழுமாற்றாகத் தெரிந்து, 10,000 ரூபா அல்லது 20,000 ரூபா பெறுமதியான நன்கொடை பணமாகவோ பொருளாகவோ வழங்கப்பட்டது. 2008 இல் வெளியான முடிவின்படி, அம்மூலதனம் மாதத்துக்கு 4.6 முதல் 5.3 வீதம் வரை வருவாய் ஈட்டியது. சந்தை வட்டியிலும் பன்மடங்கு உயர்ந்த வருவாய் இது. ஆயின் ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்தபோது இவ்வருவாய் ஆண்களின் தொழில்களிலேயே காணப்பட்டது. பெண்களின் தொழில்களிற் சராசரி இலாபம் உயர்ந்ததாகத் தெரியவில்லை.

பெண்களுக்கென்றே நுண்கடன் நிறுவனங்கள் உலகெங்கும் பெருகிய காலத்தில் இம்முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பெண்களுக்குத் தொழில்திறன் இல்லையென்று கூறவும் சிலருக்கு இது வாய்ப்பாயிற்று. 2019 இல் பேர்ன்ஹார்ட், பீல்ட், பாண்டே, றிகொல் ஆகியோர் இதே இலங்கைத் தரவுகளை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளோடு சேர்த்து மீண்டும் ஆராய்ந்தனர். அவர்கள் எழுப்பிய வினா ஒன்றே: அப்பெண்ணின் வீட்டில் வேறு தொழில் நடக்கின்றதா? கணவனுக்கும் ஒரு தொழில் இருந்த வீடுகளில், பெண்ணின் கைக்கு வந்த மூலதனம் அத்தொழிலுக்குச் சென்றிருந்தது. பெண்ணின் தொழில் ஒன்றே இருந்த வீடுகளில், அவள் பெற்ற வருவாய் ஆண்களின் வருவாய்க்குக் குறைந்ததாகக் காணப்படவில்லை. திருவுளச்சீட்டிற் பிழையில்லை, கணிப்பிலும் பிழையில்லை. அளவுகோல் தொழிலை அளந்தது. பணமோ வீட்டினுள் நடமாடியது. எவ்வலகை அளப்பது என்பதை எழுமாற்று முறை ஆய்வாளருக்குச் சொல்லித்தருவதில்லை. வீட்டு வரவுசெலவை அறிந்த எந்த அன்னையும் சொல்லியிருக்கக்கூடியதை அறிவதற்குப் பத்தாண்டுக்கு மேல் சென்றமை சிந்திக்கத்தக்கது.

இவ்வாய்வின் மாதிரியில் வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எவையும் இல்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். போருக்குப் பின் அங்கு பெண்களை நோக்கியே நுண்கடன் பரவியது. கடன்சுமை மிகுந்து, 2018 இல் வரட்சியுற்ற மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கணவனை இழந்து தனியே குடும்பந் தாங்கும் பெண்கள் மலிந்த ஒரு சமூகத்துக்குத் தெற்கின் சராசரியைப் பொருத்திப் பார்ப்பது எவ்வகையிற் பொருந்தும்? மேற்கூறிய மறுஆய்வின் தருக்கத்தைத் தொடர்ந்தால், அங்கு விடை வேறாக இருக்கக்கூடும் என எதிர்பார்க்க இடமுண்டு. அளந்து பார்ப்பதே வழி.

இறுதியாகத் தொலையுணர்வு. 1972 இல் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாற் செய்மதி நிலத்தின் ஒளித்தெறிப்பைப் பதிந்தது. பயிரும் காடும் நீர்நிலையும் அதிலே புலப்பட்டன. நிலத்தடி நீர் ஒளிக்கு எட்டாதது. அதனை நிறையால் அறியும் முறையொன்று 2002 மார்ச்சில் விண்ணேறியது. கிறேஸ் எனப்படும் இரு செய்மதிகள் ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின. கீழே நிறை மிகுந்த பகுதி வருமிடத்து முன்செல்வது சற்றே முந்தி இழுக்கப்பட, இடைவெளி மாறும். தலைமயிரின் தடிப்பிலும் குறைந்த அம்மாற்றத்தை நுண்ணலையால் அளந்து, மாதந்தோறும் புவியீர்ப்புப் படம் வரையப்பட்டது. மேற்பரப்பு நீரையும் மண்ணீரத்தையும் கழித்தால் எஞ்சுவது நிலத்தடி நீரின் மாற்றம். வடமேற்கு இந்தியாவின் இராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா ஆகிய மாநிலங்களில் 2002 ஓகஸ்டு முதல் 2008 ஒக்டோபர் வரை 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீர் இழக்கப்பட்டதாக 2009 இல் றொடெல் முதலானோர் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. கிணறு ஒன்றையும் இறங்கிப் பாராது பெற்ற முடிவு அது.

அம்மூன்று மாநிலங்களின் பரப்பு நான்கு இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ ஆயிரம். பல நூறு கிலோமீற்றர் அகலமான பரப்பையே ஐயமறக் காணும் இம்முறைக்குக் குடாநாடு ஒரு புள்ளியுமாகாது. ஆனால் நிலத்தடி நீரை அறியவேண்டிய தேவை அங்குதான் மிகுதி. வற்றா ஆறு எதுவும் அங்கில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லினூடு கீழிறங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கின்றது. கிணறுகள் யாவும் அவ்வில்லையிலிருந்தே இறைக்கின்றன. கைபன், ஹெர்ஸ்பேர்க் ஆகியோரின் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் நிற்கும் ஒவ்வொரு அலகு உயரத்துக்கும், கடல்மட்டத்துக்குக் கீழே அவ்வலகில் நாற்பது மடங்கு ஆழம்வரை நன்னீர் இருக்கும். அதன் மறுதலை அச்சந்தருவது: நீர்மட்டம் பத்துச் சதமமீற்றர் தாழ்ந்து அந்நிலையிலேயே நிலைக்குமாயின், கீழிருந்து உவர்நீர் நான்கு மீற்றர் மேலெழும். குகைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இவ்விகிதம் இடத்துக்கிடம் பிசகும் என்பதால், விதியைக் கொண்டு கணித்துவிட்டு அமர்ந்திருக்கவும் முடியாது.

ஆகவே இங்கு வேண்டப்படுவது கிணறு கிணறாகச் சென்று அளக்கும் பழைய முறையே. அளவுநாடா ஒன்றும், நீரின் உவர்த்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன்மானி ஒன்றும், மாரிக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் அதே கிணறுகளுக்குச் செல்லக்கூடிய இரு மாணவரும் இருந்தாற் போதும். ஆயினும் ஒன்று முதலிற் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கட்டின் உயரமும் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு மட்டம்பிடிக்கப்படல் வேண்டும். அஃதின்றேல் ஒரு கிணற்றின் அளவை அடுத்த கிணற்றின் அளவோடு ஒப்பிட முடியாது.